வானத்தில் ஒரு கணக்கு, மண்ணில் ஒரு கணக்கு



இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விடயம் உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். மண்ணரிப்பு, கூட்டெரு, விதை, கடன், காணி உறுதி என்று பேசிப் பழகிய நாம் இப்போது செய்மதியைப் பற்றி எழுதப் போகிறோம். அதிலும் படம் பிடிக்கும் செய்மதி அல்ல, தொலைக்காட்சிச் செய்மதியும் அல்ல. காற்றிலே கலந்திருக்கும் காபனீரொட்சைட்டு என்னும் வாயு எவ்வளவு என்று வானத்தில் இருந்தபடியே அளக்கும் செய்மதி. "நிற்க ஒரு பேர்ச் நிலம் இல்லாதவனுக்கு வானத்துச் சங்கதி எதற்கு?" என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வியே. அந்தக் கேள்விக்கு எமக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லவே இக்கட்டுரை.

இதை வாசிப்பவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தால் இடம்பெயர்ந்தவர்கள் அல்லர். விக்டோரியா அணைக்காக வயலையும் வீட்டையும் விட்டுக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் உங்களில் உண்டு. கலவரங்களில் தோட்டத்தை விட்டு ஓடியவர்கள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலை சரிந்து, உடுத்த துணியோடு பாடசாலைக் கட்டடத்தில் வந்து தங்கியவர்களும் உண்டு. அந்த ஒரு புயலில் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிரிழப்பு அதிகம் நேர்ந்த மாவட்டங்களில் கண்டி முன்னணியில் இருந்தது. அணையால் போனவர், கலவரத்தால் போனவர், மண்சரிவால் போனவர் ஆகியோரின் கதைகள் வேறு வேறானாலும், வானத்தில் எடுக்கப்படும் இந்தக் கணக்கு இவர்களில் இரு சாராரையேனும் நேராகத் தொடுகிறது. எப்படி என்பதைப் பிறகு சொல்வோம். முதலில் அளக்கப்படும் பொருளைப் பார்ப்போம்.

ஒரு சாக்கு நெல்லில் பத்து இலட்சம் மணிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது நாம் சுவாசிக்கும் காற்று என்று எண்ணுங்கள். அதில் பெரும்பகுதி நைதரசன். ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன். காபனீரொட்சைட்டு எத்தனை மணி தெரியுமா? இரு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், நிலக்கரி எரிக்கும் ஆலைகள் பெருகாத காலத்தில், சுமார் 280 மணி. 1958இல் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா என்னும் எரிமலையின் சரிவில் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி இடைவிடாமல் அளக்கத் தொடங்கியபோது ஏறக்குறைய 315 மணி. 2024ஆம் ஆண்டின் சராசரி அதே இடத்தில் 424ஐத் தாண்டியது. 2025 மே மாதச் சராசரி 430ஐயும் கடந்துவிட்டது.

பத்து இலட்சத்தில் நானூறு மணி என்ன பெரிது என்று தோன்றும். வயலுக்கு நஞ்சு தெளிக்கும்போது ஒரு தாங்கித் தண்ணீரில் எத்தனை மில்லிலீற்றர் கலக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த வாயுவோ நஞ்சல்ல. இது இல்லாவிட்டால் நெல்லும் விளையாது, தேயிலையும் துளிராது. இலை இதைத்தான் உண்டு வளர்கிறது. ஆனால் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் போர்வைபோல் இது தடுத்து வைத்துக்கொள்கிறது. போர்வை தடித்தால் உள்ளே சூடு. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அந்த நீராவிதான் மழையாக இறங்குகிறது. மலைநாட்டில் வாழும் எமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கண்டி மக்கள் இன்னொன்றையும் வேறுபடுத்தி அறிந்துகொள்ள வேண்டும். எமது நகரம் ஹந்தானை முதலான மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். பஸ்களும் லொறிகளும் விடும் புகை காற்றோட்டமின்றி இந்தக் கிண்ணத்துக்குள் தேங்குவதைப் பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளனர். அந்தப் புகை கண்ணை எரிக்கும், இருமலைத் தரும், ஒரு மழை பெய்தால் அடங்கும். காபனீரொட்சைட்டு அப்படியல்ல. நிறமில்லை, மணமில்லை. மழையும் அதைக் கழுவிவிடாது. ஏறக்குறைய ஓராண்டுக்குள் உலகம் முழுவதும் பரவிக் கலந்துவிடும். ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் வானிலேயே நிற்கும். தொரிங்டன் வீதியில் விட்ட புகையும் தெக்சாசில் விட்ட புகையும் ஒரே சாக்கில்தான் விழுகின்றன. எனவே இதை யார் எவ்வளவு போட்டார் என்று அறிவது கடினமான காரியம். செய்மதி தேவைப்பட்டதற்குக் காரணமும் அதுவே.

அளக்கும் விதம்

வெறுந்தேநீர் ஊற்றிய கண்ணாடிக் குவளை ஒன்றை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாயம் குறைந்தால் வெளிச்சம் தாராளமாக வரும், கூடினால் மங்கும். எவ்வளவு மங்குகிறது என்பதைக் கொண்டு சாயம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். செய்மதி செய்வதும் இதுதான். சூரிய ஒளி காற்றினூடாக இறங்கி, நிலத்திலோ கடலிலோ பட்டு, மீண்டும் காற்றினூடாக மேலே செல்கிறது. வழியில் காபனீரொட்சைட்டு அந்த ஒளியில் தனக்குரிய சில நிறங்களை மட்டும் விழுங்கிவிடும். அவை வானவில்லின் சிவப்புக்கு அப்பால் உள்ளவை, எமது கண்ணுக்குத் தெரியாதவை. மேலே காத்திருக்கும் கருவி திரும்பி வந்த ஒளியைப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கும். ஒட்சிசன் விழுங்கிய நிறத்தையும் அது கூடவே பார்க்கும். ஒட்சிசனின் பங்கு எங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், ஒளி எவ்வளவு காற்றைக் கடந்து வந்தது என்பதற்கு அது படிக்கல்லாகிறது. ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் சரக்கு.

சொல்வது எளிது. 424 மணியில் ஒரு மணி கூடிக் குறைவதைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்தில், வினாடிக்கு ஏழு கிலோமீற்றருக்கு மேல் பறந்துகொண்டே. இதற்காகவென்றே யப்பானியர் செய்த "இபுக்கி" என்னும் செய்மதி 2009 ஜனவரி 23இல் வானேறியது. அந்தச் சொல்லுக்கு மூச்சு என்று பொருள். அடுத்த மாதம் 24ஆம் திகதி அமெரிக்கரின் செய்மதி கிளம்பியது. அதன் தலையில் பொருத்தியிருந்த காப்பு மூடி கழன்று விழவில்லை. அந்தப் பாரத்தோடு சுற்றுப்பாதையை அடைய முடியாமல், பல ஆண்டு உழைப்பும் அந்தாட்டிக்காவை அண்டிய கடலில் விழுந்தது. விதைத்த வயலை வெள்ளம் கொண்டுபோவது எப்படி இருக்கும் என்று அறிந்தவர்களாகிய உங்களுக்கு அந்த விஞ்ஞானிகளின் மனநிலை புரியும். அவர்கள் மீண்டும் கட்டினார்கள். ஓ.சி.ஓ.-2 என்ற அந்தச் செய்மதி 2014 ஜூலை 2இல் வானேறியது. அதன் உதிரிப்பாகங்களைக் கொண்டு செய்த ஓ.சி.ஓ.-3 கருவி 2019 மே மாதத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. சீனாவும் 2016இல் தன் செய்மதியை அனுப்பியது. யப்பான் 2018இலும் 2025இலும் புதியவற்றை ஏவியது.

வானத்து அளவை நம்பலாமா என்ற ஐயம் எழும். அதனாலேயே தரையிலும் அளக்கிறார்கள். நிலத்திலிருந்து சூரியனை நேரே நோக்கி இதே முறையில் அளக்கும் நிலையங்கள் பல நாடுகளில் உள்ளன. செய்மதியின் எண்ணை அந்த எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். இன்னொரு முறை, போத்தலில் காற்றை அடைத்து ஆய்வுகூடத்தில் அளப்பது. எமக்கு அண்மையில் அப்படி அளக்கப்பட்ட ஓர் இடம் புதுச்சேரிக் கடற்கரை. பிரான்சும் இந்தியாவும் சேர்ந்து புதுச்சேரியிலும், அந்தமானின் போர்ட் பிளேயரிலும், இமயத்தில் ஹன்லேயிலும் இவ்வாறு காற்றைச் சேகரித்து அளந்துள்ளன. தராசு எவ்வளவு பெரிதானாலும் முத்திரைத் தராசோடு ஒத்துப் பார்க்காமல் கொழுந்து நிறுக்க விடக்கூடாது என்பது தோட்டத்தில் வேலை செய்த எவருக்கும் தெரியும்.

பேரேடும் இருப்பும்

கூட்டுறவுச் சங்கக் கடையை எண்ணிப் பாருங்கள். முகாமையாளர் பேரேட்டில் எழுதியிருப்பது ஒன்று. கணக்காய்வாளர் வந்து களஞ்சியத்தைத் திறந்து மூடைகளை எண்ணுவது இன்னொன்று. இரண்டும் ஒத்துவந்தால் சந்தோஷம். ஒத்துவராவிட்டால் பேச வேண்டிவரும்.

உலக நாடுகள் தாம் வெளியேற்றும் காபனீரொட்சைட்டின் கணக்கை இதுவரை பேரேட்டு முறையிலேயே காட்டி வந்துள்ளன. எத்தனை தொன் நிலக்கரி எரித்தோம், எத்தனை பீப்பாய் எண்ணெய் எரித்தோம் என்று தாமே கூட்டி, தாமே எழுதி, தாமே சமர்ப்பிக்கின்றன. செய்மதி களஞ்சியத்தைத் திறந்து பார்க்கும் கணக்காய்வாளர். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஓ.சி.ஓ.-2இன் 2015 முதல் 2020 வரையான அளவுகளையும் தரை அளவுகளையும் கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் எங்கே வாயு கூடுதலாக வெளிவருகிறது, எங்கே காடும் மண்ணும் அதை உள்ளே இழுக்கின்றன என்று கணக்கிட்டுப் பார்த்தது. இது முன்னோட்டம்தான், பிழை வரம்பு இன்னும் பெரிது. சிறு தீவுகளுக்கு அது மேலும் பெரிது. ஆயினும் வழி திறந்துவிட்டது.

தனி ஆலைகளையும் அது கண்டிருக்கிறது. இந்தியாவின் சாசன் என்ற இடத்திலுள்ள பெரிய அனல்மின் நிலையத்தின் மேலாகச் செய்மதி கடந்தபோது, அங்கிருந்து கிளம்பிய வாயுவின் வால் அளவிடப்பட்டது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய நிலக்கரி மின் நிலையமான போலந்தின் பெல்ஹாத்தூவில், உற்பத்தி ஏறி இறங்குவதற்கேற்ப வாயுவும் ஏறி இறங்குவதை இரு கருவிகளும் காட்டியதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. இனி ஒரு பெரிய ஆலை தன் புகைக்கணக்கை மறைப்பது முன்போல் எளிதல்ல.

எமது பார்வையில், இவற்றையெல்லாம்விட முக்கியமான கண்டுபிடிப்பு 2015, 2016 எல் நினோ காலத்தில் கிடைத்தது. வழமையாக மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய பாதியைக் காடும் மண்ணும் கடலும் வாங்கிக்கொள்கின்றன. மீதிப் பாதியே வானில் தங்குகிறது. அந்த ஆண்டுகளில் தங்கியது வழமையைவிடக் கூடுதல். ஏன்? 2011ஆம் ஆண்டை இபுக்கியின் அளவைக் கொண்டும், 2015ஐ ஓ.சி.ஓ.-2இன் அளவைக் கொண்டும் ஒப்பிட்டபோது, வெப்பமண்டல நிலங்கள் சுமார் 250 கோடி தொன் காபனைக் கூடுதலாக வெளிவிட்டமை தெரிந்தது. தென்னமெரிக்காவில் வரட்சியால் காடு உண்பதைக் குறைத்தது. ஆபிரிக்காவில் சூட்டால் மண்ணிலுள்ள சருகும் வேரும் வேகமாக மக்கின. இந்தோனேசியாவில் காடும் அதன் அடியிலுள்ள கரிமண்ணும் எரிந்தன. வருத்தம் ஒன்றே, ஆனால் மூன்று கண்டத்திலும் நோய் வேறு. இதைத் தரையில் நின்று எவரும் கண்டிருக்க முடியாது. மௌனா லோவாவில் நின்றால் சாக்கில் மணி கூடியது தெரியும், எந்தப் பக்கத்தால் விழுந்தது என்பது தெரியாது.

காணாதவை

இவ்வளவு புகழ்ந்த பிறகு, இந்தக் கண்ணுக்கு என்னென்ன தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கேதான் எமக்கு வேலை இருக்கிறது.

முதலாவது முகில். ஒளி திரும்பி வந்தால்தான் அளக்கலாம், முகில் மூடினால் அளவில்லை. ஓ.சி.ஓ.-2 நாளொன்றுக்கு எடுக்கும் சுமார் பத்து இலட்சம் அளவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே பயன்படும். வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழை, பிறகு இடைப்பருவ மழை, பிறகு வடகீழ்ப் பருவமழை என்று ஆண்டின் பெரும்பகுதி முகிலுக்குள் வாழும் எமது மலைகளைச் செய்மதி காணும் நாட்கள் சொற்பம்.

இரண்டாவது அளவு. அதன் ஒரு பார்வை ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீற்றர் அகலமும் இரண்டேகால் கிலோமீற்றர் நீளமும் கொண்டது. ஒரு சிறிய தோட்டப் பிரிவே அதற்குள் அடங்கிவிடும். உங்கள் வீட்டுப் பின்புறத்துப் பலாமரத்தையோ, அதில் படர்ந்த மிளகுக் கொடியையோ அது அறியாது. காற்று ஓரிடத்தில் நிற்பதுமில்லை. இன்று உங்கள் கூரைக்கு மேலே அளந்த வாயு நேற்று எங்கிருந்தது என்று கணிக்க, காற்றோட்டத்தைக் கணக்கிடும் கணினிகள் வேண்டும்.

இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காபனை விற்கும் சந்தை ஒன்று உலகில் நடக்கிறது. புகை விடும் கொம்பனி பணம் கொடுக்கும். வேறெங்கோ ஒருவர் மரம் நட்டு அல்லது காட்டைக் காத்து அந்தப் புகையை ஈடு செய்வதாக எழுதிக் கொடுப்பார். நாளை ஒருவர் உங்கள் முற்றத்துக்கு வந்து, "உங்கள் தோட்டத்து மரங்கள் இழுக்கும் காபனைச் செய்மதி அளந்துவிட்டது, இந்தப் பத்திரத்தில் ஒப்பமிட்டால் பணம் வரும்" என்று சொல்லக்கூடும். வாயுவை அளக்கும் செய்மதியால் ஒரு குடும்பத்தின் தோட்டத்தை அளக்க முடியாது. மரங்களைப் படம் பிடிக்கும் செய்மதிகள் வேறு. அவை இலையையும் உயரத்தையும் பார்த்து, மரத்திலுள்ள காபனை மதிப்பிட உதவும். அந்த மதிப்பீடும் தரையில் யாரோ நாடா பிடித்து மரத்தின் சுற்றளவை அளந்தால்தான் நிலைபெறும். ஆகவே பத்திரத்தில் எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்கிறது, மரத்தை வெட்டவோ மாற்றுப் பயிர் இடவோ உரிமை இருக்குமா, நிலம் யார் பெயரில் நிற்கும் என்ற மூன்றையும் கேளாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

மிகைப்படுத்துகிறோம் என்று எண்ண வேண்டாம். உகண்டா நாட்டில் கச்சுங் என்ற இடத்தில் நோர்வே நிறுவனம் ஒன்று மரத்தோட்டம் போட்டது. அதன் காபன் வரவை வாங்கச் சுவீடன் அரசின் சக்தி முகவர் நிலையம் முன்வந்தது. அந்நிலத்தில் பயிரிட்டும் மாடு மேய்த்தும் வந்த மக்கள் வாழ்வாதாரம் இழந்தனர் என்ற முறைப்பாடுகள் எழவே, 2015இல் கொடுப்பனவு நிறுத்தி வைக்கப்பட்டது. வானத்தில் புகையைக் குறைக்கப் போய் மண்ணில் ஒரு குடும்பத்தைப் பெயர்த்தால், அது எந்தக் கணக்கில் வரும்?

எழுதப்படாத பக்கம்

இந்தக் கேள்வியோடு நாம் எமது ஊருக்குத் திரும்புகிறோம். 1985இல் விக்டோரியா அணை திறந்து வைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரமும் மகாவலிக் கரையோரக் கிராமங்களும் நீரில் மூழ்கின. நீர் வற்றும் ஆண்டுகளில் அந்தப் பழைய சுவர்கள் இன்றும் வெளியே தலைகாட்டுகின்றன. அணைக்கட்டு மின் நிலையத்தின் வலு 210 மெகாவாற். கொத்மலையினது 201. இவை ஓடும்போது நிலக்கரி எரிவதில்லை. பின்னர் நுரைச்சோலையில் 900 மெகாவாற் வலுவுள்ள அனல்மின் நிலையம் கட்டப்பட்டது. மகாவலி நீர் இல்லாதிருந்தால் அப்படியான உலைகள் எத்தனை ஆண்டுகள் முன்னதாக வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நீர்த்தேக்கங்களிலும் அழுகும் தாவரங்களால் ஓரளவு வாயு எழுவது உண்மையே. ஆனாலும் நிலக்கரியோடு ஒப்பிடக் கூடியதல்ல.

அப்படியானால், இந்த நாட்டின் வானம் ஓரளவு சுத்தமாக இருந்ததற்கு விலை கொடுத்தவர்கள் யார்? தெல்தெனியவில் வயலை இழந்தவர்கள். கொத்மலையில் தேயிலையையும் வீட்டுத் தோட்டத்தையும் இழந்தவர்கள். எரிந்த நிலக்கரியின் வாயுவை மேலே உள்ள கருவி கண்டுகொள்ளும். எரியாமல் போன நிலக்கரியை எந்தக் கருவியும் காணாது. அதற்காக மூழ்கிய வயலையும் காணாது. நாம் இதை மனக்குறையாக மட்டும் எழுதவில்லை. காலநிலைக்காக நாடுகள் பணம் பேசும் மேசையில் எமது மக்களின் இந்தப் பங்களிப்பு ஒரு வரியிலேனும் எழுதப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

அந்த மேசை வெறும் கற்பனையல்ல. 2022இல் எகிப்தில் கூடிய காலநிலை மாநாட்டில், வெள்ளம், புயல், வரட்சியால் பாதிக்கப்படும் வறிய நாடுகளுக்கென இழப்பு மற்றும் சேத நிதியம் அமைக்க இணக்கம் காணப்பட்டது. 2023 இறுதியில் துபாயில் அது நடைமுறைக்கு வந்தது. நாடுகள் வாக்களித்த தொகை தேவைக்கு முன் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அங்கே விண்ணப்பிப்பது அரசாங்கங்களே அன்றி நீங்களோ நாமோ அல்ல. ஆயினும் யாருடைய புகை என்ற வாதம் அங்கே ஓயாது. இலங்கையர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு ஒரு தொன் அளவில் நிற்க, அமெரிக்கர் ஒருவரினது 14 தொன் அளவில் உள்ளது. உலகின் மொத்த வெளியேற்றத்தில் இலங்கையினது ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. இந்த எண்கள் இன்று பேரேட்டிலிருந்து வருபவை. வானத்துக் கணக்கும் அவற்றுக்குச் சாட்சி சொல்லும்போது வாதத்துக்கு வலு கூடும். எனவேதான் இக்கருவிகள் எமக்கும் வேண்டியவை என்கிறோம். மலை சரிந்து வீடிழந்த ஒரு குடும்பம், தான் போடாத பாரத்தைத் தன் தலையில் தாங்கியது என்பதற்கு இதைவிட நடுநிலையான சாட்சி கிடைப்பது அரிது.

ஒவ்வொரு மண்சரிவையும் காபனீரொட்சைட்டின் தலையில் கட்டிவிடவும் கூடாது. சாய்வை வெட்டி வீடு கட்டியது, நீரோடும் கானை மூடியது, ஆபத்து என்று தெரிந்தும் மாற்று நிலம் கொடுக்காமல் ஆண்டுகளைக் கடத்தியது ஆகியவை இந்த மண்ணில், எமது கண்முன்னே நடந்தவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். எங்கே போவது என்று சொல்லப்படாத குடும்பத்துக்குச் சிவப்பும் ஒன்றுதான், மஞ்சளும் ஒன்றுதான். வானத்தில் கோடிக்கணக்கான டொலர் செலவில் ஒரு மணியின் பிழையைத் தேடும் இக்காலத்தில், ஆபத்தான ஒவ்வொரு சரிவின் கீழும் ஒரு மழைமானியும், அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரும், குடியேறுவதற்கு உறுதிப் பத்திரத்தோடு ஒரு துண்டு நிலமும் கேட்பது பேராசையாகாது.

இடைக்காலத்தில் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு கொப்பியை எடுங்கள். விட்டு வந்த இடத்தில் என்னென்ன மரம் நின்றது, எத்தனை, எத்தனை வயது என்று ஞாபகம் உள்ளபோதே எழுதுங்கள். பலா, கித்துள், கோப்பி, கராம்பு, சாதிக்காய், மிளகு, எல்லாவற்றையும். வீட்டின் சுவருக்கு நீள அகலம் கேட்பவர்கள் மரத்தின் வயதைக் கேட்பது அருமை. இப்போது இருக்கும் இடத்தில் மரம் இருந்தால், நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில், நாடாவைச் சுற்றி அளந்து திகதியோடு குறியுங்கள். காட்டுத் திணைக்களத்தாரும் விஞ்ஞானிகளும் அளப்பது அதே உயரத்தில்தான். தையல் வேலை செய்யும் பெண்கள் எந்த முகாமிலும் உண்டு, நாடாவுக்குப் பஞ்சமில்லை. நட்ட ஈட்டு விசாரணைக்கும் அது உதவும், காபன் வியாபாரி வந்தாலும் உதவும்.

இன்னுமொரு கவலையையும் சொல்லிவிடுகிறோம். 2025இல் அமெரிக்க அரசாங்கம் முன்வைத்த அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுப் பிரேரணையில், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த ஓ.சி.ஓ.-2ஐயும் ஓ.சி.ஓ.-3ஐயும் நிறுத்தும் யோசனை இருந்தது. இந்த அளவுகளை இதுவரை உலகில் எவரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ள முடிந்தது. பேராதனை மாணவர் ஒருவர் விரும்பினால் கண்டிக்கு மேலே எடுத்த எண்களைக் கணினியில் இறக்கிப் பார்க்கலாம். அதிகமாகப் புகை விட்டவரின் கையிலேயே தராசும் இருந்தால், அவர் அதைப் பூட்டி வைக்க நினைக்கும் நாளில் யார் கேட்பது? யப்பானியரின் செய்மதிகள் இருக்கின்றன, ஐரோப்பியரும் ஆயத்தமாகின்றனர் என்பது ஆறுதல். ஆயினும் தராசு பல கைகளில் இருப்பதே நல்லது. இந்தியா போன்ற அயல்நாடும் இதற்கென ஒன்றை ஏவ வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம்.

ஓ.சி.ஓ.-2 எந்த ஊரைக் கடந்தாலும் பிற்பகல் ஒன்றரை மணி அளவிலேதான் கடக்கும். ஒரு தடத்துக்குத் திரும்பி வர அதற்குப் பதினாறு நாட்கள். மாசி, பங்குனியில் முகில் விலகி, ஹந்தானை உச்சி தெளிவாகத் தெரியும் நாட்களில் அதற்கு எமது மலைகளைக் காண ஓரளவு வாய்ப்புண்டு. கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் கேட்காது. அந்நேரத்தில் நீங்கள் பகல் சோறு உண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பீர்கள்.